ஒத்தையடிப் பாதையின் கணக்கு

அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியை யார் பறித்தது?

பள்ளிக்கூடத்தில் நாம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கொடுத்தவர் பெயர் தெரியும், வாங்கியவர் பெயர் தெரியும், பரீட்சைக்கு அது போதும். ஆனால் புறநானூற்றின் 91-ஆம் பாட்டை நிதானமாகப் படித்தால் ஔவை ஒரு தகவலைத் தெளிவாகவே சொல்லியிருப்பது தெரிகிறது. அந்தக் கனி பழைய பெரிய மலையொன்றின் பிளவில், ஏறுவதற்கு அரிதான உச்சியில் கிடைத்தது. அதாவது அந்தக் கனியின் மதிப்பில் பாதி அது இருந்த உயரத்தில் இருக்கிறது. ஒருவர் கையும் காலும் ஊன்றி அங்கே ஏறியிருக்கிறார். அதைவிடக் கடினமாக இறங்கியிருக்கிறார். ஏறியது அதியமானாகவே இருக்கலாம். அந்த மலையின் வழி தெரிந்த வேறொருவராகவும் இருக்கலாம். பாட்டு கொடையைப் பற்றியது, ஏற்றத்தைப் பற்றியது அல்ல. அதனால் ஏறியவர் பற்றித் தனியாகப் பேச்சில்லை.

அதியமான் ஆண்ட தகடூர்தான் இன்றைய தர்மபுரி. நகரத்திலிருந்து கிழக்கே பார்த்தால் ஒரு மலைத்தொடர் நீலமாக நிற்கும். அதில் ஒன்று வத்தல்மலை. ஔவையின் நெல்லி அங்கேதான் காய்த்தது என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. நான் சொல்ல வருவது மலை ஏறியவர்களைப் பற்றி. எதற்காக ஏறினார்கள், எந்த வழியில் ஏறினார்கள், அந்த வழிக்கு என்ன ஆனது என்பது பற்றி. பெங்களூரில் கோடு எழுதிப் பிழைக்கிறவன் நான். வார இறுதிகளில் மலைப்பாதைகளில் ஓடுகிற பழக்கம் உண்டு. 'ட்ரெயில் ரன்னிங்' என்ற பெயரில் நாங்கள் செய்கிற இந்தக் காரியத்துக்கு ஒரு நீண்ட முன்கதை இருக்கிறது. அந்தக் கதையில் எங்களுக்கான இடம் மிகச் சிறியது, மிகவும் பிந்தியது.

புல் முடிந்து வைத்த வழி

தமிழில் மலைவழிக் கையேடு ஒன்று உண்டு. அதன் பெயர் மலைபடுகடாம். பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடி. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. பரிசில் தேடிப் போகும் கூத்தர்களுக்கு, செங்கத்து நன்னனிடம் போய்ச் சேரும் வழியைச் சொல்கிற பாட்டு. செங்கம் தர்மபுரியிலிருந்து வடகிழக்கே, ஜவ்வாது மலையின் அந்தப் பக்கத்து அடிவாரத்தில் இருக்கிறது. ஆக, இது கிட்டத்தட்ட நம்ம ஏரியா.

இலக்கியம் என்பதை மறந்துவிட்டு ஓர் ஓட்டக்காரன் கண்ணோடு அந்தப் பாட்டைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். காட்டுப்பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் இருக்கும், விடிந்த பிறகு போங்கள் என்கிறது. தினைப்புனம் காக்கிறவர்கள் கவண் வீசுவார்கள், கல் பறந்து வரும், மரத்தின் மறைவில் ஒதுங்கிப் போங்கள் என்கிறது. பாறையில் பாசி வழுக்கும், கொடியையும் சிறுமூங்கிலையும் பற்றிக்கொள்ளுங்கள் என்கிறது. குழிகளில் பாம்பு இருக்கும் என்கிறது. எந்த இடத்தில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்றுகூடச் சொல்கிறது. இன்றைக்கு எந்த அல்ட்ரா ஓட்டத்துக்குப் பதிவு செய்தாலும் முந்தின நாள் மாலை ஒரு விளக்கக் கூட்டம் நடக்கும். அதில் சொல்வதெல்லாம் இதேதான், கவண்கல் மட்டும் இருக்காது.

என்னை நிறுத்திய இடம் வேறொன்று. வழி பிரிகிற இடத்துக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும்? ஊர் தெரியாத புதியவர்கள் நீங்கள், ஆகவே சரியான வழியைத் துடைத்துச் சீராக்கி, புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள் என்கிறார் புலவர். யாருக்காக? பின்னால் வருகிறவர்களுக்காக. இன்றைக்கு மலை ஓட்டங்களில் மரக்கிளையில் சிவப்பு ரிப்பன் கட்டுகிறோமே, அதேதான். பாதை என்பது தரையில் தானாகக் கிடக்கிற பொருள் அல்ல. முன்னால் போனவர் பின்னால் வருபவருக்கு விட்டுச்செல்கிற தகவல் அது. எங்கள் தொழில் மொழியில் சொன்னால், கால்களால் எழுதப்பட்ட ஆவணம். யாரும் நடக்காவிட்டால் இரண்டு மழையில் அழிந்துவிடும்.

மூன்று அண்ணன் தம்பிகள்

வத்தல்மலையில் வாழ்கிறவர்கள் மலையாளிகள். உடனே கேரளத்துக்குப் போய்விட வேண்டாம். மலையை ஆள்கிறவர், மலையில் வாழ்கிறவர் என்ற பொருளில் மலையாளி. பேசுவது தமிழ். சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, சித்தேரி, ஜவ்வாது என்று கிழக்குத் தொடர்ச்சி மலை நெடுக இவர்கள் பரவியிருக்கிறார்கள். மலைமேல் ஒரே ஊர் என்று இல்லை. பெரியூர், சின்னாங்காடு, பால்சிலம்பு, ஒன்றிக்காடு என்று சிறுசிறு ஊர்கள். கேழ்வரகு, சாமை, கொஞ்சம் உயரத்தில் காபி, சில்வர் ஓக் மரத்தில் ஏறும் மிளகு.

இவர்களுடைய வரலாறும் ஒரு மலையேற்றத்தில்தான் தொடங்குகிறது. காஞ்சிபுரத்தில் இருந்தவர்கள், அங்கே ஏதோ பகை, கிளம்பி வந்துவிட்டார்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று பேர். ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து ஏறினார்கள். எந்த அண்ணன் எந்த மலை என்பது சொல்கிற ஊரைப் பொறுத்து மாறும். ஆங்கிலேய அதிகாரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கதையைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். 1909-இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளிலும் இது இருக்கிறது. கதையை ஆதாரமாக எடுத்துக்கொள்வது வேறு, அது என்ன சொல்கிறது என்று கவனிப்பது வேறு. கடலுக்குப் பக்கத்துச் சமவெளியில் உழுது வாழ்ந்தவர்கள், இருக்க முடியாமல் போனபோது மேலே ஏறினார்கள் என்கிறது கதை. இங்கே உச்சி என்பது அடையவேண்டிய வெற்றி அல்ல. யாரும் துரத்தி வர மாட்டார்கள் என்கிற உயரம், அவ்வளவுதான்.

ஆனால் காகிதம் துரத்தி வந்தது. 1792-இல் திப்பு சுல்தானுடனான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரமகால் பகுதி கம்பெனிக்குப் போனது. தர்மபுரி அதில் அடக்கம். அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாகத் தாமஸ் மன்றோவும் வந்து, 1799 வரை இங்கே நிலத்தை அளந்து வரி வகுத்தார்கள். ரயத்துவாரி முறையின் வேர் இந்த மண்ணில்தான் ஊன்றப்பட்டது. 1882-இல் மதராஸ் வனச் சட்டம் வந்தது. அதுவரை காடு என்று மட்டும் இருந்தது 'ரிசர்வ் காடு' ஆனது. ஆயிரம் வருடமாக ஆள் நடந்த தடம், ஒரு கோடு போட்டவுடன் அனுமதி தேவைப்படுகிற தடமாக மாறியது.

கோடு போடுவதில் இன்னொரு விநோதம். அட்டவணைப் பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்கு எதிரே தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி என்று மாவட்டங்களின் பெயர் எழுதியிருக்கிறது. அதில் ஈரோடு இல்லை. அதனால் அந்தப் பக்கம் பர்கூர் மலையில் இருக்கிற மலையாளிகள் தாங்களும் பழங்குடிதான் என்று பல பத்தாண்டுகளாகக் கோரிக்கை வைக்க வேண்டியிருந்தது. அண்ணன் தம்பிகள் மலை பார்த்துப் பிரிந்தார்கள். அரசாங்கம் மாவட்ட எல்லை பார்த்துப் பிரித்தது.

கால் போடும் கணக்கு, இன்ஜின் போடும் கணக்கு

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், சுவாரசியமான கணக்குதான்.

1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் ஒரு எளிய விதி சொன்னார். சமதளத்தில் மணிக்குச் சுமார் ஐந்து கிலோமீட்டர் நடப்போம். அதற்கு மேல், ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். நூறு வருடம் கழித்து, 1993-இல், வால்டோ டோப்ளர் என்ற புவியியலாளர் இன்னும் நுட்பமான ஒரு சூத்திரத்தைத் தந்தார். சரிவு எவ்வளவோ அதற்கேற்ப வேகம் எப்படிக் குறையும் என்று சொல்கிற சூத்திரம். அதன்படி மனிதன் மிக வேகமாக நடப்பது சமதளத்தில் அல்ல, நூற்றுக்கு ஐந்து என்ற லேசான இறக்கத்தில்; மணிக்கு ஆறு கிலோமீட்டர்.

தர்மபுரி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 450 மீட்டர். வத்தல்மலையின் ஊர்கள் ஆயிரம் மீட்டருக்கு மேல். கணக்குக்காக, அடிவாரத்திலிருந்து 600 மீட்டர் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒத்தையடிப் பாதை மலையின் முதுகைப் பிடித்து நேராக ஏறும். மூன்று கிலோமீட்டரில் 600 மீட்டர் என்றால் நூற்றுக்கு இருபது சரிவு. மூச்சு வாங்கும். வண்டிச் சாலை அப்படி ஏற முடியாது. மலைச்சாலைகளை நூற்றுக்கு ஐந்தாறுக்கு மேல் போகாத சரிவில்தான் முடிந்தவரை போடுவார்கள். நூற்றுக்கு ஆறு என்றால், அதே 600 மீட்டரை ஏறப் பத்து கிலோமீட்டர் சாலை வேண்டும். அந்தப் பத்து கிலோமீட்டரை ஒரு மலைச்சரிவில் மடித்து மடித்து அடுக்குவதற்குப் பெயர்தான் கொண்டை ஊசி வளைவு. வத்தல்மலைச் சாலையில் அவை இருபதுக்கும் மேல்.

இப்போது டோப்ளரின் சூத்திரத்தில் இரண்டு வழிகளையும் போட்டுப் பார்த்தேன். ஒத்தையடிப் பாதையில் ஏற 72 நிமிடம், இறங்க 51. சாலையில் நடந்து ஏற 147 நிமிடம், இறங்க 104. போய்வர இரண்டு மணி நேரம் ஒரு பக்கம், நாலு மணி நேரத்துக்கு மேல் இன்னொரு பக்கம். நெய்ஸ்மித்தின் பழைய விதியில் போட்டாலும் இதே கதைதான்: ஏற்றத்துக்கு 96 நிமிடமும் 180 நிமிடமும்.

இந்த எண்களிலிருந்து எனக்குப் புரிந்தது இது. சாலை என்பது பாதையின் மேம்பட்ட வடிவம் அல்ல. இரண்டும் வெவ்வேறு உடம்புகளுக்காகச் செய்யப்பட்டவை. பாதை காலுக்கு உகந்தது, சாலை சக்கரத்துக்கு உகந்தது. வண்டி இல்லாதவனுக்கு வளைவுச் சாலை ஒரு தண்டனை. அதனால்தான் சாலை போட்ட எந்த மலையிலும், ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவே செங்குத்தாக ஒரு குறுக்குத்தடம் இருக்கும். யாரும் திட்டம் போட்டு வெட்டியது இல்லை. சூத்திரம் தெரியாத கால்கள் சரியான விடையைக் கண்டுபிடித்து வைத்திருக்கின்றன.

தூதிலிருந்து பந்தயம்

மலை ஓட்டம் எப்படி விளையாட்டு ஆனது? இதற்கு ஸ்காட்லாந்தில் ஒரு கதை சொல்வார்கள். பதினோராம் நூற்றாண்டில் மூன்றாம் மால்கம் என்ற அரசன், வேகமான தூதுவன் ஒருவனைத் தேர்ந்தெடுக்க பிரேமார் என்ற இடத்தில் குன்றின் மேலே ஓடவிட்டானாம். வரலாற்றாசிரியர்கள் இதைக் கதை என்றுதான் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் கதைக்குள் ஒரு நிஜம் இருக்கிறது: ஓட்டம் முதலில் வேலை, பிறகுதான் பந்தயம்.

நம் பக்கமும் அப்படித்தான். 1672-இல் மைசூரில் சிக்க தேவராஜ உடையார் 'அஞ்சே' என்ற தபால் அமைப்பை ஏற்படுத்தினார். பிறகு கம்பெனி காலத்திலும் அதன்பின் வந்த தபால் துறையிலும் தோளில் பை, கையில் மணி கட்டிய ஈட்டியுடன் ஓடும் தபால் ஓட்டக்காரர்கள் இருந்தார்கள். மணி எதற்கு? காட்டு விலங்குகள் விலகுவதற்கு. அடுத்த சாவடியில் காத்திருப்பவன் தயாராவதற்கும்தான். அவர்களில் யாருக்கும் நாம் பதக்கம் கொடுக்கவில்லை. நேரம் குறித்தோம், தாமதமானால் தண்டிப்பதற்காக.

பிரிட்டனின் உயரமான மலை பென் நெவிஸ், 1345 மீட்டர். 1883-இல் அதன் உச்சியில் ஒரு வானிலை ஆய்வு நிலையம் திறந்தார்கள். அங்கே பொருள் கொண்டுபோக மட்டக்குதிரைகள் ஏறும்படி ஒரு பாதை வெட்டினார்கள். 1895-இல் வில்லியம் ஸ்வான் என்ற உள்ளூர்க்காரர் ஃபோர்ட் வில்லியம் ஊரிலிருந்து உச்சிக்கு ஓடிப்போய் 2 மணி 41 நிமிடத்தில் திரும்பினார். முதல் நேரப்பதிவு அதுதான். 1904-இல் ஆய்வு நிலையத்தை மூடிவிட்டார்கள். வேலை போய்விட்டது, பாதை மிஞ்சியது. இன்றைக்கு உல்லாசமாக மலையேறுகிறவர்கள் நடப்பது அந்தக் குதிரைப் பாதையில்தான்.

கடலிலிருந்து நேராக எழும் மலை ஒன்றைச் சொல்கிறேன். அலாஸ்காவில், ரெசரக்‌ஷன் வளைகுடாவின் கரையில் சீவர்ட் என்று ஓர் ஊர். ரயில்பாதை தொடங்குகிற துறைமுகமாக 1903-இல் உருவானது. ஊருக்குப் பின்னால் மவுண்ட் மாரத்தான்; அதில் ஓட்டக்காரர்கள் தொட்டுத் திரும்பும் இடம் 3022 அடி உயரத்தில். கடை ஒன்றில் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர், ஒரு மணி நேரத்துக்குள் உச்சிக்குப் போய்த் திரும்ப முடியுமா என்று பந்தயம் கட்டினார்கள் என்பது ஊர்க்கதை. 1915-இல் ஜூலை 4 அன்று முறைப்படி முதல் போட்டி நடந்தது. ஜேம்ஸ் வால்டர்ஸ் 62 நிமிடத்தில் ஜெயித்தார். 2016-இல் டேவிட் நாரிஸ் அதே மலையை 41 நிமிடம் 26 விநாடியில் முடித்தார். ஏறுவது ஒன்றரை மைல்தான், ஆனால் சரிவு கிட்டத்தட்ட நூற்றுக்கு நாற்பது. ஒத்தையடிப் பாதைகூட அங்கே கூச்சப்படும்.

மூன்றையும் வரிசையாக வையுங்கள். தூதுவன் அரசனுக்காக ஓடினான். குதிரைப் பாதை அறிவியலுக்காக வெட்டப்பட்டது. சீவர்ட்டில் மட்டும் எந்த வேலையும் இல்லை, சும்மா, பந்தயத்துக்காக. உச்சியில் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாதவர்களுக்கு மட்டுமே உச்சி ஒரு இலக்காகிறது.

சாலை வருவதும் வராததும்

வத்தல்மலைக்குத் தார்ச்சாலை வந்தது இந்த நூற்றாண்டில்தான். அதுவரை மிளகும் காபியும் பலாப்பழமும் தலைச்சுமையாகக் கீழே இறங்கின. உப்பும் மண்ணெண்ணெயும் தலைச்சுமையாக மேலே ஏறின. 2021 செப்டம்பர் கடைசியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் மலைக்கு வந்து மக்களைச் சந்தித்தார். அரசுப் பேருந்து ஓடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். மாவட்டத் தலைநகரிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற மலை அது. கண்ணுக்குத் தெரிகிற தூரத்தைப் பேருந்து கடக்க, சுதந்திரத்துக்குப் பிறகு எழுபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஏன் இவ்வளவு தாமதம் என்பதற்குச் சட்டத்திலேயே பாதி விடை இருக்கிறது. 1980-இன் வனப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு நிலத்தை வேறு எதற்கும் மாற்ற மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். 2006-இன் வன உரிமைச் சட்டம் ஒரு கதவைத் திறந்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை போன்ற வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, கிராமசபையின் பரிந்துரை வேண்டும் என்ற நிபந்தனையுடன். ஒரு ஹெக்டேர் என்றால் பத்தாயிரம் சதுர மீட்டர். ஐந்து மீட்டர் அகலத்தில் சாலை போட்டால் இரண்டு கிலோமீட்டர் வரும். மேலே போட்ட கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள், மலைக்குப் பத்து கிலோமீட்டர் வேண்டும். மீதி விடை, வாக்குகள் எத்தனை என்ற இன்னொரு கணக்கில் இருக்கிறது.

இதே மாவட்டத்தில் கோட்டூர்மலை போன்ற கிராமங்களுக்குத் தேர்தல் என்றால் வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை மேல் ஏறிப் போகும். பத்திரிகைகளில் அழகான புகைப்படம் வரும். ஜனநாயகம் மலையேறுகிறது என்று தலைப்பு போடுவார்கள். அதே பாதையில் பிரசவ வலி கண்ட பெண் தொட்டிலில் இறங்கும்போது புகைப்படக்காரர் இருப்பதில்லை. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாத மலை. மருத்துவமனை சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் மேலே ஏற முடியாமல் நின்றது. தாய் அந்த உடலைக் கையில் சுமந்துகொண்டு மலையில் நடந்தார். நெய்ஸ்மித்தின் விதியில் அந்த நடைக்கு இடமில்லை.

அதனால் யாராவது 'சாலை வந்து மலை கெட்டுவிட்டது' என்று சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். ஓடுகிறவர்கள் கூட்டத்தில் இது அடிக்கடி வருகிற வசனம். கெட்டது யாருக்கு?

அதே சமயம் சாலையை ஒரு தேவதையாகக் காட்டவும் என்னால் முடியவில்லை. அரூர் பக்கம், சித்தேரி மலையின் அடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. அங்கேயும் மலையாளிகள்தான். 1992 ஜூன் 20 அன்று சந்தன மரக் கடத்தலைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சேர்ந்து ஊருக்குள் நுழைந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், ஊரே சூறையாடப்பட்டது. 2011-இல் தர்மபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். 2023 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. அரசாங்கம் ஒரு ஊரை எட்டுவதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் என்று நினைத்துவிடக் கூடாது. ஆம்புலன்ஸ் வரும் வழியில்தான் அந்த வண்டிகளும் வந்தன. மூன்று அண்ணன் தம்பிகள் ஏன் மேலே ஏறினார்கள் என்ற கதையை, அந்தத் தீர்ப்பைப் படித்த பிறகு வேறு மாதிரிதான் கேட்க முடிகிறது.

மலையரசன் யார்?

வத்தல்மலைக்கு நான் நாலைந்து முறை போயிருக்கிறேன். ஒரு தடவை மேலே ஊர்ப்பக்கம் தண்ணீர் குடிக்க நின்றபோது, திண்ணையில் உட்கார்ந்து மிளகு ஆய்ந்துகொண்டிருந்த ஒரு பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் கண்ணு, அதான் பஸ்சு வருதே. நீ ஏன் ஓடியார்ற?"

"சும்மாதான் பாட்டி. உடம்புக்கு நல்லது."

"எங்களுக்கு நடந்து நடந்தே முட்டி போயிருச்சி. நீ சும்மா வந்து முட்டிய ஒடச்சிக்கிறியா?" என்று சிரித்தார். பிறகு கையை நீட்டி, சாலைக்குப் பின்பக்கம் புதர் மண்டிய ஒரு சரிவைக் காட்டினார். "நாங்க அதுலதான் எறங்குவோம். சந்தைக்குப் போயி, உச்சிப் பொழுதுக்குள்ள திரும்பிருவோம். இப்ப ஆரும் போறதில்ல, முள்ளு மூடிக்கிச்சி."

என் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் இருந்தது. அதில் அந்தச் சரிவு வெறும் பச்சை.

ஸ்ட்ராவா என்ற செயலியைப் பயன்படுத்துகிறவர்களுக்குத் தெரியும். ஒரு பாதைத் துண்டை முதலில் யார் உருவாக்குகிறாரோ அவர் வைப்பதுதான் அதற்குப் பெயர். அதில் மிக வேகமாக ஏறியவருக்கு ஒரு கிரீடப் படத்தோடு பட்டம் தருவார்கள். தமிழில் சொன்னால் 'மலையரசன்'. அதே நிறுவனம் 2017-இல் உலக வரைபடம் ஒன்றை வெளியிட்டது. மக்கள் எங்கெல்லாம் ஓடுகிறார்களோ அங்கெல்லாம் கோடுகள் ஒளிரும். இரகசிய ராணுவ முகாம்கள்கூட அதில் தெரிந்துவிட்டன என்று 2018 ஜனவரியில் பெரிய பரபரப்பு ஆனது. வீரர்கள் கடிகாரம் கட்டிக்கொண்டு ஓடியதால் வந்த வினை. யோசித்துப் பாருங்கள்: ஒளித்து வைத்த முகாம் தெரிந்தது, ஒளிக்காத சந்தைப் பாதை தெரியவில்லை. அந்த வரைபடம் காட்டுவது எங்கே மனிதர்கள் நடக்கிறார்கள் என்பதை அல்ல, எங்கே கடிகாரம் கட்டியவர்கள் நடக்கிறார்கள் என்பதை. மன்றோ காலத்து அளவையில் வரி கட்டுகிற நிலம் பதிவானது. நம் காலத்து அளவையில் சந்தா கட்டுகிற கால் பதிவாகிறது.

இதை வைத்து யாரும் ஓடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நானே நிறுத்தப் போவதில்லை. தேவைக்கு நடந்தவர்களின் பாதையில் ஆசைக்கு ஓடுவது குற்றமும் அல்ல. பென் நெவிஸ் பாதை இன்றைக்கும் உயிரோடு இருப்பது உல்லாசக்காரர்களால்தான். வத்தல்மலையின் பழைய தடங்களையும் ஒருவேளை எங்களைப் போன்றவர்களின் கால்கள் காப்பாற்றலாம். சாலை வந்த ஊரில் ஒத்தையடிப் பாதைக்கு வேறு ஆதரவு கிடையாது.

ஆனால் அதற்கு ஒரு மரியாதை முறை இருக்கிறது. புதிதாக ஒரு தடத்தைக் 'கண்டுபிடித்தேன்' என்று எழுதுவதற்கு முன்னால், அதன் பெயர் என்ன என்று ஊரில் கேட்க வேண்டும். பெயர் இருக்கும். எந்தப் பாறையில் சுமையை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள், எந்தச் சுனையில் தண்ணீர் குடித்தார்கள், எந்தத் திருப்பத்தில் யானை நின்றது என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயர் இருக்கும். எவரும் திருத்தக்கூடிய பொது வரைபடங்கள் இணையத்தில் இருக்கின்றன. அதில் தமிழிலேயே பெயர் எழுதலாம், அரைமணி நேர வேலை. மலை ஓட்டம் நடத்துகிறவர்கள் வழிகாட்டியாக உள்ளூர்க்காரரை வைத்துக் கூலி கொடுக்கலாம். சாலை இல்லாத பக்கத்து மலையைப் பற்றிப் பேசாமல், சாலை இருக்கிற மலையின் 'தூய்மை'யைப் பற்றி மட்டும் பேசுவதை விட்டுவிடலாம்.

அந்தப் பாட்டி காட்டிய சரிவில் நான் இன்னும் இறங்கிப் பார்க்கவில்லை. முள் வெட்ட அருவாளும், வழி தெரிந்த ஓர் ஆளும் வேண்டும். அப்படி இறங்குகிற நாளில் என் கடிகாரம் ஒரு கோட்டை வரையும். முதலில் பதிந்தவன் என்று செயலி என் பெயரைப் போடும். கனியைப் பறித்தவர் யாரென்று பாட்டில் தனியாகச் சொல்லப்படாததுபோல, அந்தக் கோட்டிலும் பாட்டியின் பெயர் இருக்காது. நான் செய்யக்கூடியது, பெயர் கேட்கும் பெட்டியில் அவர்கள் அந்தத் தடத்தை எப்படிக் கூப்பிட்டார்களோ அதை எழுதுவது. வழி பிரிகிற இடத்தில் ஒரு பிடி புல்லை முடிந்து வைப்பது.